ஏப்ரல் 9: வென்றோர் கையில் தோற்றோர்

நாளுக்கென்று தனியாக ஒரு குணம் உண்டெனக் கருதுவோர் நம்மவரில் பலர். இன்ன கிழமை ஆகும், இன்ன திதி ஆகாது என்று கணக்கிட்டு, மனிதர் பொறுப்பேற்க வேண்டிய காரியத்தை நாளின் தலையில் சுமத்திவிடுவது நமக்கு நெடுங்கால வழக்கம். சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போருக்கு இவ்வெண்ணம் நெடுநேரம் நிலைப்பதில்லை. ஒரே தேதியில் ஓராண்டு பெருந்தன்மை விளங்கிற்று. வேறோராண்டு கொடுமை தலைவிரித்தாடிற்று. மற்றோராண்டு வென்றவர்கள் வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறியாது நின்றனர். தேதி ஒன்று, செய்கைகள் மூன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படைச் சரித்திரத்தில் ஏப்ரல் மாதம் 9ந் தேதி அத்தகையதொரு நாள். 1865ஆம் ஆண்டு அத்தேதியில், வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஐக்கிய நாட்டை எதிர்த்துக் கிளம்பிய தென்மாநிலங்களின் தலையாய படை சரணடைந்தது. 1942ஆம் ஆண்டு அத்தேதியில், பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கப் படையே ஜப்பானியரிடம் சரணடைந்தது. 2003ஆம் ஆண்டு அத்தேதியில், அமெரிக்கப் படை பாக்தாத் நகரின் நடுவே புகுந்தது. ஆங்குச் சரணடைவதற்குக்கூட ஒருவரும் முன்வரவில்லை.

ஒரு போரில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் கூறிவிடும். வென்றவர் தோற்றவரை எவ்வாறு நடத்தினார், அவ்விருவரும் பேசி முடித்தபோது மூன்றாமவர் ஒருவரை மறந்தனரா என்பவற்றைப் புத்தகங்கள் விரைந்து கடந்துவிடும். ஆனால் போருக்குப் பிந்திய நெடுங்காலம் எப்படி அமையும் என்பது பெரும்பாலும் இவ்விரு கேள்விகளுக்கு நேரும் விடையைப் பொறுத்தே இருக்கின்றது. இதனை இம்மூன்று ஆண்டுகளின் வாயிலாகவே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

மக்லீன் வீட்டுக் கூடம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861ஆம் ஆண்டில் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு 11 தென்மாநிலங்கள் ஐக்கிய நாட்டிலிருந்து பிரிந்தன. அக்காலத்தில் அந்நாட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். நான்கு ஆண்டுகள் நடந்த அப்போரில் மாண்ட வீரர்கள் 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், தென்மாநிலத்துச் சேனாதிபதி ராபர்ட் லீ ரிச்மண்ட் நகரையும் பீட்டர்ஸ்பர்க் நகரையும் கைவிட்டு மேற்கு நோக்கிப் பின்வாங்கினார். எதிர்பார்த்த இடத்தில் உணவு வந்து சேரவில்லை. பசித்த வீரர்கள் வழிநெடுக உதிர்ந்தனர். 6ந் தேதி ஸெய்லர்ஸ் கிரீக் என்னுமிடத்தில் நடந்த சண்டையில் மட்டும் ஏறத்தாழ 7,700 பேரை அவர் இழந்தார். 8ந் தேதி மாலை, அவருக்கென்று வந்திருந்த உணவு ரயில்களையும் வடவர் குதிரைப்படை கைப்பற்றிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் லீயின் படை இறுதி முறையாக வழி பிளக்க முயன்றது. எதிரே நின்ற குதிரைப்படை விலகிற்று. விலகிய பின்னரே, அதன் பின்னால் காலாட்படை அணி அணியாக நிற்பது தெரிந்தது. அவ்வணிகளில் கறுப்பு மக்களின் பட்டாளங்களும் இருந்தன. எவர்களை அடிமைகளாகவே வைத்திருக்க வேண்டுமென்று அப்படை நான்காண்டு போரிட்டதோ, அவர்களே அதன் கடைசி வழியையும் அடைத்து நின்றனர்.

வீரர்களைக் காடுகளுக்குள் சிதறி ஓடச் செய்து மறைந்திருந்து போரிடலாம் என்று பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் லீயிடம் யோசனை கூறினார். லீ மறுத்துவிட்டார். அவ்வாறு செய்தால் வீரர்கள் கொள்ளைக்காரராவர். நாடு தேறப் பல்லாண்டுகள் ஆகும் என்பது அவர் விடை. அவர் போரிட்ட நோக்கம் நாம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் தோற்றவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டென்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இரு சேனாதிபதிகளும் சந்தித்த இடம் அப்போமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்னும் சிற்றூரில் வில்மர் மக்லீன் என்பாரது வீட்டுக் கூடம். இவர் முன்னர்க் குடியிருந்தது புல் ரன் என்னும் ஓடைக்கு அருகில். 1861இல் போரின் முதற் பெருஞ்சண்டை அங்கேதான் மூண்டது. அவர் வீட்டிலேயே குண்டு விழுந்தது. போரின் தொல்லை வேண்டாமென்று அவர் இச்சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். போரோ அவரைத் தேடி வந்து அவர் வீட்டுக் கூடத்திலேயே முடிந்தது.

லீ புத்தம் புதிய உடையணிந்து, அழகிய வாள் தரித்து வந்திருந்தார். வென்ற கிராண்டோ சாதாரணச் சிப்பாயின் மேற்சட்டையோடு, சேறு படிந்த மூட்ஸுகளோடு, வாளின்றி வந்தார். சரணாகதி நிபந்தனைகளைக் கிராண்ட் தம் கையாலேயே எழுதினார். அவை மிகவும் சுருக்கமானவை. படைக்கலங்களும் பொதுச் சொத்துக்களும் ஒப்படைக்கப்பட வேண்டும். அதிகாரிகள் தம் இடைவாளையும் சொந்தக் குதிரையையும் உடைமைகளையும் வைத்துக்கொள்ளலாம். இனி ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்குக் கொடுத்து அனைவரும் வீடு திரும்பலாம். அவ்வாக்கைக் காத்து, தம் ஊர்ச் சட்டத்துக்கு அடங்கி வாழும் வரை அரசாங்கம் அவர்களைத் தொந்தரவு செய்யாது. லீயின் வாளைக் கிராண்ட் கேட்கவில்லை.

தம் படையில் குதிரைவீரரும் பீரங்கிவீரரும் சொந்தக் குதிரை கொண்டு வந்தவர்கள் என்று லீ எடுத்துரைத்தார். எழுதியதை மாற்றுவதற்கில்லை, ஆயினும், குதிரையோ கோவேறு கழுதையோ தன்னுடையதென்று கூறும் ஒவ்வொருவனும் அதனை ஓட்டிச் செல்ல விடுமாறு உத்தரவிடுவோம் என்றார் கிராண்ட். அவர்களுள் பெரும்பாலோர் சிறு குடியானவர்கள். வசந்த கால உழவுக்குக் குதிரை இல்லையேல் வரும் குளிர்காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று அவர் கணித்தார். பசித்திருந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. வெற்றி முழக்கமாக வடவர் பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கியதும் அதனை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எழுத்து வேலையால் வயிறு வளர்க்கும் நமக்கு இந்நிகழ்ச்சியில் வரும் ஒரு சிறு விவரம் நெஞ்சில் தங்குகின்றது. கிராண்ட் பென்சிலால் எழுதியதை மையால் நகல் எடுக்க வேண்டியிருந்தது. அப்பணி இறுதியில் ஈலி பார்க்கர் என்னும் அதிகாரியிடம் வந்தது. அவருடைய கையெழுத்து சிறந்தது. மை கிடைக்காமற் போகவே, எதிர்ப்பக்கத்து அதிகாரி ஒருவர் தம்முடைய சிறிய மைக்கூட்டைக் கொடுத்து உதவினார். பார்க்கர் வெள்ளையர் அல்லர். அம்மண்ணின் ஆதிக்குடிகளுள் ஒன்றான செனெக்கா இனத்தவர். சட்டம் பயின்றும், அந்நாட்டுப் பிரஜையல்லர் என்று கூறி வக்கீலாக ஏற்க மறுக்கப்பட்டவர். அந்நாட்டின் போரை முடித்த பத்திரம் அந்நாடு பிரஜையாக ஏற்க மறுத்த ஒருவரின் கையெழுத்தில் அமைந்தது.

பின்னர் அச்சுப் பொறிகள் கொண்டு வரப்பட்டு, தோற்ற வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அனுமதிச் சீட்டு அச்சிட்டு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 28,000 பேர் அச்சீட்டைப் பெற்று வீடு திரும்பினர். அச்சீட்டு வெறுங்காகிதமாகப் போய்விடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் லீயின் மீது ராஜத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டபோது, தாம் கொடுத்த வாக்கு அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்று கிராண்ட் உறுதியாக நின்றார். வழக்கு நடைபெறவில்லை.

பட்டியலில் இல்லாதவர்கள்

இதுவரை கூறியதைப் படிப்போர் கிராண்டைப் புகழாதிருக்க மாட்டார். நாமும் புகழ்கின்றோம். ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது.

செக்குரோலில் பெயர் ஏறாதவனுக்குச் சம்பளமும் இல்லை, அரிசியும் இல்லை என்பது தோட்டத்து வாசகர் நன்கறிந்த கணக்கு. மக்லீன் வீட்டுக் கூடத்தில் எழுதப்பட்ட பத்திரத்தில் அதிகாரி இருந்தான், சிப்பாய் இருந்தான், குதிரையும் இருந்தது. யார்பொருட்டுப் போர் மூண்டதோ அந்த 40 இலட்சம் மக்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. படைச் சரணாகதிப் பத்திரத்தில் அது வர வேண்டியதில்லை என்று சிலர் வாதிக்கலாம். அப்படியாயின் அதற்குப் பின் வந்த பத்திரங்களிலேனும் அது முழுமையாக வந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே, லீயின் சரணாகதிச் செய்தி எட்டாத தொலைவில், அலபாமா மாநிலத்துப் பிளேக்லி கோட்டையை வடவர் படை தாக்கிப் பிடித்தது. தாக்கியோர் ஏறத்தாழ 16,000 பேர். அவர்களுள் 5,000 பேர் அளவில் கறுப்பு வீரர்கள். அப்போர் முழுவதிலும் ஐக்கிய நாட்டுப் படையில் சேர்ந்த கறுப்பு வீரர்கள் 1,80,000 பேர் அளவினர். அவர்கள் தம் விடுதலையைப் பிறரிடம் கையேந்திப் பெறவில்லை; உயிர் கொடுத்துப் பெற்றனர்.

1865 டிசம்பரில் அடிமை முறை அரசியல் சட்டத்தின்படியே ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு உழ நிலமில்லை. கடலோரப் பகுதிகளில் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்களையும், லிங்கனுக்குப் பின் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். தென்மாநிலச் சட்டசபைகள் புதுச் சட்டங்கள் இயற்றி, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பனை ஊர்சுற்றி என்று பிடித்துத் தண்டித்தன. தோற்ற சிப்பாய் தன் குதிரையோடு தன் வயலுக்குத் திரும்பினான். வென்ற பக்கத்தில் நின்ற அடிமையோ வெறுங்கையோடு பழைய எஜமானன் வயலுக்கே திரும்பினான். அங்கே கடனுக்கு உழைத்தான். உழைத்தும் கடன் தீரவில்லை. அவ்வாழ்க்கை எத்தகையதென்பதை நம் வாசகர்க்கு விரித்துக் கூற வேண்டுவதில்லை.

இங்கும் அதே தேதி குறுக்கிடுகின்றது. 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 9ந் தேதி, சரணாகதி நடந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், ஜான்சனின் மறுப்பை மீறி அமெரிக்கக் காங்கிரஸ் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்நாட்டில் பிறந்தோர் எந்நிறத்தவராயினும் பிரஜைகள். ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும், சாட்சி சொல்லவும், சொத்து வைக்கவும் உரிமையுடையோர் என்றது அச்சட்டம். வரி செலுத்தாத ஆதிக்குடிகளை மட்டும் அது விலக்கி வைத்தது. படைக்கலத்தால் வென்றதைச் சட்டத்தால் உறுதிசெய்ய எடுத்த முயற்சி அது. 1877இல் தென்மாநிலங்களில் இருந்த மத்தியப் படையின் காவல் விலகியதும் அவ்வுரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. 1964, 1965ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை, ஏறத்தாழ நூறாண்டுகள், அம்மக்கள் காத்திருக்க நேர்ந்தது.

பட்டான் பாதை

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததை நம் நாட்டார் எவரும் மறவார். அதே வேளையில் பிலிப்பைன்ஸில், பட்டான் தீபகற்பத்தில், அமெரிக்கரும் பிலிப்பினோக்களும் சேர்ந்த படை ஜப்பானியரை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. ஜனவரியிலேயே உணவு பாதியாகக் குறைக்கப்பட்டது; பின்னர் அதுவும் குறைந்தது. எருமைகளை உண்டனர், முடிவில் குதிரைப்படையின் குதிரைகளையே உண்டனர். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் குண்டைவிட அதிகம் பேரைச் சாய்த்தன. தலைமைச் சேனாதிபதி மக்ஆர்தர், ஆஸ்திரேலியா செல்லுமாறு உத்தரவு பெற்று மார்ச் மாதமே புறப்பட்டுவிட்டார். சரணடையக் கூடாதென்ற கட்டளை மட்டும் தொலைவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 3ந் தேதி ஜப்பானியர் பெருந்தாக்குதல் தொடங்கினர். ஒரு வாரத்துக்குள் அணிகள் உடைந்தன. பட்டான் படைத் தலைவர் எட்வர்ட் கிங் ஜியார்ஜியா மாநிலத்தவர்; தென்மாநிலத்துப் போர்க்கதைகளில் வளர்ந்தவர். மேலதிகாரியான வெயின்ரைட்டிடம் அனுமதி கேட்டால் பழி அவரைச் சாரும் என்று கருதி, கேளாமலே சரணடையத் துணிந்தார். பின்னாளில் ராணுவ நீதிமன்றம் தம்மை விசாரிக்கும் என்றே எதிர்பார்த்தார். சரணடையப் போகும் வழியில், 77 ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில் லீ சரணடைந்தார் என்பது அவர் நினைவுக்கு வந்தது.

லீக்குக் கிடைத்தது கிங்குக்குக் கிடைக்கவில்லை. அவரைச் சந்திக்க வந்தவர் நாகயாமா என்னும் கர்னல். அவர் முதலில் வாளைக் கேட்டார். வாள் மணிலாவில் இருப்பதாகக் கிங் கூறியபின் கைத்துப்பாக்கியைப் பெற்றுக்கொண்டார். நிபந்தனை எதனையும் அவர் ஏற்கவில்லை. நோயுற்ற வீரர்களை ஏற்றிச் செல்ல லாரிகளும் எண்ணெயும் ஒதுக்கி வைத்திருப்பதாகக் கிங் சொன்னார், அதுவும் பயன்படவில்லை. தம் ஆட்கள் நல்லவிதமாக நடத்தப்படுவார்களா என்று மீண்டும் வினவியபோது, நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்லர் என்பதே கிடைத்த விடை.

அவ்விடையின் மெய்ம்மையை அடுத்த சில நாட்கள் காட்டின. ஏறத்தாழ 75,000 பேர் சரணடைந்தனர்; அவர்களுள் அமெரிக்கர் 12,000 பேர் அளவினர், மற்றையோர் பிலிப்பினோக்கள். அவர்களை மரிவெலெஸ் துறையிலிருந்து சான் பெர்னாண்டோ வரை, ஏறக்குறைய 65 மைல், கொளுத்தும் வெயிலில் நடத்திச் சென்றனர். தண்ணீருக்குத் தவித்தவன் அடிபட்டான். நடக்க மாட்டாது விழுந்தவன் குத்தப்பட்டான் அல்லது சுடப்பட்டான். பின்னர் மூடிய ரயில் பெட்டிகளில் மூச்சுவிட இடமின்றி அடைத்துச் சிறைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். வழியிலே மாண்டோர் அமெரிக்கர் பல நூறு பேர், பிலிப்பினோக்கள் பல்லாயிரவர். முகாமில் மாண்டோர் இன்னும் பல்லாயிரவர். வழியோர ஊர் மக்கள் அடியையும் சாவையும் பொருட்படுத்தாது சோற்றுருண்டையும் நீரும் அவர்களுக்கு எறிந்தனர்.

கைதிகள் எதிர்பார்த்ததற்கு மிகுதியாக இருந்தனர் என்பதும், அவர்கள் அத்துணைப் பசியும் நோயும் உற்றிருப்பர் என்று ஜப்பானியர் எண்ணவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் உணவுத் திட்டம் தவறியதால் எவனும் விழுந்தவனைக் குத்திக் கொல்வதில்லை. சரணடைந்தவன் மனிதனே அல்லன் என்ற போதனையே ஈட்டியாக நீண்டது. அதே போதனைதான் பின்னர்ச் சயாம் பர்மா ரயில்பாதையிலும் ஆட்சி செய்தது. அங்கே வெள்ளைக் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரும் பல்லாயிரவர் மாண்டனர். கைதிகளின் பெயர்கள் கல்லறைகளில் பொறிக்கப்பட்டன. நம்மவரில் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

1945 செப்டம்பர் 2ந் தேதி மிஸௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, மக்ஆர்தரின் பின்னால் நின்றவர் இருவர்: பிலிப்பைன்ஸை இழந்த வெயின்ரைட், சிங்கப்பூரை இழந்த பெர்சிவல். பட்டானை வென்ற ஜப்பானியச் சேனாதிபதி ஹோம்மா விசாரிக்கப்பட்டு, 1946 ஏப்ரல் 3ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொடுமை செய்தவன் தண்டனை பெற்றான். கூட நின்றவன் கூலி பெற்றானா? அமெரிக்கக் கொடியின்கீழ், அமெரிக்கத் தலைவரின் அழைப்பை ஏற்றுப் போரிட்ட பிலிப்பினோ வீரர்களுக்கு முன்னாள் வீரர்க்குரிய சலுகைகள் உண்டென்று நம்பிக்கை அளிக்கப்பட்டிருந்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் அவற்றுள் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டது. 2009ஆம் ஆண்டில்தான் எஞ்சியிருந்த கிழவர்களுக்கு ஒருமுறைத் தொகையாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது. அமெரிக்கப் பிரஜையானவருக்கு 15,000 டாலர், அல்லாதவருக்கு 9,000 டாலர். பசி ஒன்றாய் இருந்தது, பாதை ஒன்றாய் இருந்தது. பட்டியல் மட்டும் இரண்டாய் இருந்தது.

பாக்தாத் சதுக்கம்

2003 மார்ச் மாதம் அமெரிக்கப் படை ஈராக்கினுள் புகுந்தது. பேரழிவு ஆயுதங்களை ஒழிக்க என்று சொல்லப்பட்டது, அவ்வாயுதங்கள் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏப்ரல் 9ந் தேதி பாக்தாத் நகரின் பிர்தௌஸ் சதுக்கத்தில் நின்ற சதாம் ஹுசேனின் சிலை, அமெரிக்கப் படை வண்டி ஒன்றால் சங்கிலி பூட்டிச் சாய்க்கப்பட்டது. முதலில் ஒரு வீரர் சிலையின் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்தினார். சிறிது நேரத்தில் அது அகற்றப்பட்டு ஈராக்கியக் கொடி கட்டப்பட்டது. வென்ற நாட்டிலே தான் யார் என்ற குழப்பம் அந்தச் சில நிமிடங்களிலேயே வெளிப்பட்டுவிட்டது.

சிலை விழுந்தது, ஆனால் எவரும் எதிலும் கையெழுத்திடவில்லை. அடுத்த நாட்களில் தேசியப் பொருட்காட்சிச்சாலை கொள்ளை போயிற்று. தேசிய நூல்நிலையம் எரிந்தது. மே 23ந் தேதி, ஆக்கிரமிப்பு நிர்வாகத் தலைவர் பால் பிரெமர் ஒரே உத்தரவால் ஈராக்கியப் படையைக் கலைத்தார். அப்படை முன்னரே கலைந்து வீடு சென்றுவிட்டதென்று அவர் தரப்பினர் கூறுவர். அது உண்மையாயினும், வீடு சென்றவர்கள் மீண்டும் அழைப்பு வருமென்றும் சம்பளம் வருமென்றும் காத்திருந்தனர். இலட்சக் கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தனர். ஆர்ப்பாட்டங்கள் எழுந்த பின்னரே உதவித்தொகை பற்றிய அறிவிப்பு வந்தது. அதற்குள் அவர்களுள் பலர் எதிரணி சேர்ந்தனர். அமெரிக்கப் படை 2011 டிசம்பரில் வெளியேறும் வரை, சிலை விழுந்த நாளில் மாண்டவரைக் காட்டிலும் மிகப் பலர் மாண்டனர்.

கிராண்ட் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு குதிரையையும் ரொட்டியையும் கொடுத்தார். பாக்தாதில் வென்றவர்களோ ரொட்டிக்கு வழியை அடைத்தனர். துப்பாக்கியை அவரவர் வீட்டிலேயே விட்டுவிட்டனர். 138 ஆண்டுகளுக்கு முன் தம் சொந்தச் சேனாதிபதி கற்பித்த பாடத்தை அந்நாட்டார் படித்திருந்தும் கைக்கொள்ளவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

வெற்றி ஒரு நாளில் வரும். அது நிலைப்பதற்கு இரண்டு தேவை. தோற்றவன் மனிதனாக வீடு திரும்ப வேண்டும், இது முதலாவது. கிராண்ட் இதனைச் செய்தார். பட்டானில் இது மிதிபட்டது. பாக்தாதில் இது மறக்கப்பட்டது. வெற்றிக்காக உழைத்த எளியவன் பட்டியலில் ஏற வேண்டும், இது இரண்டாவது. மூன்றில் ஒன்றிலும் இது முழுமையாக நடைபெறவில்லை. 1866ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கான முதற்படி மட்டுமே.

பிலிப்பைன்ஸ் மக்கள் ஏப்ரல் 9ஐ வீர நாளாகக் கொண்டாடி விடுமுறை விடுகின்றனர். தோற்ற நாளைக் கொண்டாடுவானேன் என்று கேட்போர் உளர். அரசாங்கங்களின் பட்டியலில் விடுபட்டவர்களை அம்மக்கள் தம் நாட்காட்டியில் ஏற்றி வைத்திருக்கின்றனர் என்பதே அதற்கு விடை.

தோழர்களே, நமக்கும் அத்தகைய கடமை ஒன்று உண்டு. சயாம் ரயில்பாதைக்குச் சென்று திரும்பாத நம்மவர் எந்தத் தோட்டத்தினர், எந்த லயத்தினர், யார் மகன் என்பதை அறிந்த குடும்பங்கள் பல ஊர்களில் உள்ளன. வீட்டுப் பெரியோர் சொல்லிச் சென்றதைக் கேட்டறிந்து, பெயரையும் ஊரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதன் நகலை ஊர்ப் படிப்பகத்தில் வையுங்கள். சேனாதிபதிகளின் பத்திரங்களை எழுத அவர்களுக்குக் குமாஸ்தாக்கள் இருந்தனர். நம்மவர் பெயர்களை எழுத நாம்தான் இருக்கின்றோம்.